சாரக் கடைக்கு எந்த சீ.எம்.எஸ்.? முதலில் விலையை மாற்றப்போவது யார் என்று சொல்லுங்கள்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். மருதமுனையில் வாப்பா நடத்துகிற கைத்தறிக் கடைக்கு ஒரு இணையத்தளம் வேண்டும். சாரம், சாரி, மேசை விரிப்பு, கட்டில் விரிப்பு என்று ஏறக்குறைய அறுபது வகைச் சாமான். கல்முனையில் ஒரு டெவலப்பர் வேர்ட்பிரஸில் செய்து தரலாம் என்கிறார். லண்டனில் இருக்கிற மச்சான், ‘ஷொப்பிஃபை எடு, தலையிடி இல்லை’ என்கிறார். கொழும்புக் கொம்பனி ஒன்று, தாங்களே எழுதிய சீ.எம்.எஸ். (கோட் எழுதத் தெரியாதவரும் தளத்தின் எழுத்து, படம், விலையை மாற்றவிடுகிற மென்பொருள்) தங்களிடம் இருக்கிறது, அதுதான் பாதுகாப்பானது என்று மூன்று மடங்கு விலை சொல்லியிருக்கிறது. வாப்பாவோ, ‘பேஸ்புக்கில்தான் எல்லாம் விற்குதே, இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கிறார். எதை எடுப்பது?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேர்ட்பிரஸ், அதன்மேல் கடை வசதி தருகிற வூகொமர்ஸ். ஆனால் நான்கு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்த முடிவுக்கு நான் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “விலை, படம் எல்லாம் தங்கச்சிதான் போனில் மாற்றுவா.” எனக்கு அந்த ஒரு வரி போதும். அந்தத் தங்கச்சி யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் கேட்காமல், கடை மூடியபிறகு பத்து நிமிடத்தில் விலையை மாற்றிவிட முடியுமா என்பதுதான் ஒரு சீ.எம்.எஸ். இருப்பதற்கே காரணம். அதைச் செய்யவிடாத எதுவும், எவ்வளவு பெரிய பெயரானாலும், உங்களுக்கு உதவாது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். கல்லடியில் இருந்துகொண்டு பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். பாசிக்குடாவில் ஆறு அறை உள்ள ஒரு விருந்தினர் விடுதிக்காரர் என்னிடம் வந்த கதையைச் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்த ஒரு பெடியன், நல்ல கெட்டிக்காரன், கையாலேயே கோட் எழுதி அழகான தளம் ஒன்று செய்து கொடுத்திருந்தான். அறை விலை அந்தக் கோட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பிறகு பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். 2022 வந்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. காஸ், மீன், டீசல் எல்லாம் ஏறிவிட்டது. தளத்தில் மட்டும் பழைய விலை. வந்தவர்கள் போனைத் தூக்கிக் காட்டி, ‘இதிலே இப்படித்தானே போட்டிருக்கு’ என்று கேட்டிருக்கிறார்கள். மனுசன் வாய்பேசாமல் அந்த விலைக்கே கொடுத்திருக்கிறார். தளத்தை எடுத்துவிடலாம் என்றாலும் முடியவில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், பெடியனின் மின்னஞ்சலில், அதற்கு வரும் ஓ.டீ.பீ. அவன் வெட்டிவிட்டுப் போன பழைய சிம்முக்கு. கடைசியில் புதுப் பெயர் எடுத்து, பூச்சியத்திலிருந்து கட்டினோம். விடுதி வாசல் பலகையில் இப்போதும் பழைய முகவரிமேல் ஸ்டிக்கர்தான்.

பெடியனில் பிழை சொல்ல மாட்டேன். அவனுக்கு அது முதல் வேலை. கேட்கத் தெரியாதது நாங்கள்.

சரி, சீ.எம்.எஸ். என்றால் என்ன? பாடப்புத்தகத் தமிழில் உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. உங்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் லேசாக விளங்கும். தறி ஒன்றுதான். பாவும் ஊடையும் மாறினால் இன்றைக்குச் சாரம், நாளைக்கு விரிப்பு. ஒவ்வொரு துணிக்கும் புதுத் தறி செய்கிறவர் யாரும் இல்லை. அதுபோல எழுத்தும் படமும் விலையும் ஒரு தரவுத்தளத்தில் தனியாக இருக்கும். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது ‘தீம்’ என்று இன்னொரு இடத்தில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றது கலையாது. பாசிக்குடாப் பெடியன் செய்தது ஒவ்வொரு துணிக்கும் ஒரு தறி.

இனி பேஸ்புக் விசயம். வாப்பா சொல்வதில் பாதி சரி. உங்கள் இப்போதைய வியாபாரம் அங்கேதான் இருக்கிறது, அதை விடவே வேண்டாம். ஆனால் போன பெருநாளுக்குப் போட்ட பச்சைக்கரைச் சாரத்தின் படம் இப்போது உங்கள் பேஜில் எங்கே? நீங்களே தேடினாலும் அரை மணித்தியாலம் எடுக்கும். கண்டியில் இருந்து ஒருவர் கூகிளில் ‘கைத்தறிச் சாரம்’ என்று தேடினால் அந்தப் படம் கிடைக்கப்போவதும் இல்லை. பேஜ் முடங்கினால் முறையிட ஒரு ஆளும் இல்லை. சந்தையில் கூவி விற்பதற்கு பேஸ்புக்; சாமானை அடுக்கி வைக்க ஒரு இறாக்கை வேண்டும், அது இணையத்தளம். ‘இலவசமாகக் கிடைக்கிறதே’ என்று இருப்பவர்களுக்கு ஒன்று: கூகிள் வியாபாரப் பக்கத்தோடு முன்பு இலவசமாக ஒரு சின்ன இணையத்தளமும் தந்தார்கள். எங்கட பக்கத்தில் எத்தனையோ கடை அதை நம்பி முகவரியை விசிட்டிங் கார்டில்கூட அடித்திருந்தது. 2024 மார்ச்சில் கூகிள் அதை நிறுத்திவிட்டது. மேப்பில் கடையைப் பதிவதற்கு இன்றும் அந்தக் கணக்கு வேண்டும், அதை எடுத்து வையுங்கள். வீடு கட்ட மட்டும் வேண்டாம்.

இப்போது உங்கள் முன்னால் இருக்கிற பெயர்களுக்கு வருவோம்.

வேர்ட்பிரஸ் 2003 இல் மட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் ஒரு பழைய வலைப்பதிவு மென்பொருளைக் கிளைத்தெடுத்துத் தொடங்கியது. இன்று உலகத்து இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. இந்தப் பெருமை உங்களுக்கு எதற்கு என்றால், கல்முனை டெவலப்பர் நாளைக்குக் கனடாவுக்குப் போனால், அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ வேலையைத் தொடரக்கூடிய இன்னொருவர் இருப்பார். ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படித்து வெளிவருகிற பிள்ளைகளில் வேர்ட்பிரஸைத் தொட்டுப் பார்க்காதவர் குறைவு. ஊரில் திருத்தக்கூடிய மோட்டார் சைக்கிளைத்தானே வாங்குவோம்! எங்கட மாவட்டங்களில் இருந்துகொண்டு நான் வேர்ட்பிரஸைச் சொல்வதற்கு இதுதான் முதற்காரணம், அதன் தொழில்நுட்பம் அல்ல. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதைவிட ஒழுங்காக எழுதப்பட்டவை உண்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் என்பது மென்பொருள். இலவசமாக இறக்கி, உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கிற சேவர் இடம்) போட்டுக்கொள்வது. வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அதே மென்பொருளை ஒட்டோமற்றிக் என்ற கொம்பனி தன் சேவரில் வைத்து வாடகைக்கு விடுவது. டெவலப்பர் ‘வேர்ட்பிரஸ்’ என்று சொல்லும்போது எது என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதின் இலவசக் கணக்கில் பிளகின், அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற சிறு நிரல், போட முடியாது, முகவரியிலும் அவர்களின் வால் தொங்கும்.

வூகொமர்ஸ் என்பது வேர்ட்பிரஸைக் கடையாக்குகிற பிளகின். 2011 இல் வந்தது, 2015 இல் அதே ஒட்டோமற்றிக் அதை வாங்கியது. அடிப்படைப் பிளகினுக்குக் காசில்லை. எங்கட வியாபார முறைக்கு அது பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு: வங்கியில் காசு போட்டு சிலிப் அனுப்புவது, சாமான் கைக்கு வந்தபின் காசு கொடுப்பது, இந்த இரண்டு வழியும் வேறெதுவும் சேர்க்காமல் அதற்குள்ளேயே இருக்கின்றன. மருதமுனையில் இருந்து குருநாகலுக்கு ஒரு சாரம் போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான்.

அடுத்து மச்சான் சொன்ன ஷொப்பிஃபை. நல்ல சாமான், பொய் சொல்லக்கூடாது. கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கப்போன ஆட்கள், தங்களுக்கு ஏற்ற கடை மென்பொருள் இல்லையென்று தாங்களே எழுதி, 2006 இல் அதையே வியாபாரமாக்கினார்கள். தங்கச்சி போனில் விலை மாற்றுவதற்கு வூகொமர்ஸைவிட அதுதான் லேசு. அப்டேட், பேக்கப் என்ற கவலையும் உங்களுக்கு இல்லை. லண்டனில் இருப்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். இங்கே இருப்பவருக்குத் தயங்குவதற்குக் காரணம் காசு போகிற வழி. மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். 2022 ஐப் பார்த்த யாருக்கும் அதன் அர்த்தத்தை நான் சொல்லத் தேவையில்லை: அதே தளம், அதே சேவை, பில் மட்டும் ரூபாவில் ஒன்றே முக்கால் மடங்கு. அதோடு அவர்களின் சொந்தக் கட்டண வழியான ஷொப்பிஃபை பேமன்ட்ஸ் இலங்கையில் இல்லை. ஆகவே பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர்க் கட்டண வாயில் (கார்டில் வருகிற காசை வாங்கித் தருகிற சேவை) ஒன்றை இணைக்க வேண்டும்; இணைத்தால் அந்த வாயிலின் கொமிஷனுக்கு மேல் ஷொப்பிஃபைக்கும் ஒரு பங்கு, பேசிக் திட்டத்தில் 2 சதவீதம். மெல்லிய இலாபத்தில் போகிற சாரத்துக்கு இரண்டு கொமிஷன் தாங்காது.

‘மச்சான் லண்டனில் தன் பெயரில் திறந்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். திறக்கலாம். ஆனால் அப்போது அது மச்சானின் கடை. காசு அவர் வங்கிக்கு வரும், வரி அவர் பெயரில் வரும், நீங்கள் அவருக்குச் சாமான் அனுப்புகிற ஆள். குடும்பத்துக்குள் பேசி அப்படியே ஒரு ஏற்பாடு செய்தாலும் பிழையில்லை, வெளிநாட்டு விற்பனைக்கு மட்டும் அது நல்ல வழியாகக்கூட இருக்கலாம். உள்ளூர்க் கடையை அதோடு கலக்காதீர்கள்.

விக்ஸ், ஸ்குவெயார்ஸ்பேஸ் என்ற வாடகைத் தளச் சேவைகள் இரண்டையும் ஒரு வரியில் முடிக்கிறேன்: கட்ட லேசு, விட்டுப்போகக் கஷ்டம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது.

ஜூம்லா, ட்ரூபல் இரண்டும் வேர்ட்பிரஸ் போலவே இலவசத் திறந்த மென்பொருள்கள். ஜூம்லா என்ற பெயர் ‘எல்லோரும் ஒன்றாக’ என்ற பொருளுள்ள ஒரு சுவாகிலிச் சொல்லில் இருந்து வந்தது. 2005 இல் மம்போ என்ற மென்பொருளில் இருந்து பிரிந்தது. ட்ரூபல் 2001 இல் ட்ரைஸ் பய்டார்ட் என்ற பெல்ஜியக்காரர் வெளியிட்டது. பல பிரிவு, பல ஆட்கள், யார் எதைத் திருத்தலாம் என்ற கட்டுப்பாடு, மும்மொழி என்று வருகிற பெரிய நிறுவனத்துக்கு ட்ரூபல் நல்ல தெரிவு. உங்களுக்கு அது மூட்டை கட்டக் கப்பல் கயிறு. இன்னொன்று, இவற்றில் பெரிய பதிப்பு மாறும்போது சிலவேளை தளத்தையே திரும்பக் கட்டுகிற நிலை வரலாம். ட்ரூபல் 7 க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 ஆம் திகதியோடு முடிந்தது. அதில் இருந்த தளங்களை அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோவது அப்டேட் பொத்தானை அழுத்துகிற வேலை இல்லை, ஏறக்குறையப் புது வீடு. ஜூம்லா 3 க்கான ஆதரவு 2023 ஓகஸ்டில் முடிந்தது. ஊரில் அந்த மாற்றத்தைச் செய்து தரக்கூடிய ஆளைத் தேடிக் களைத்த ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும்.

கொழும்புக் கொம்பனியின் சொந்த சீ.எம்.எஸ். ‘பாதுகாப்பு’ என்று அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. வேர்ட்பிரஸ் ஓட்டைகளைத் தேடி இரவுபகலாக அலைகிற தானியங்கி நிரல்கள் அவர்களின் மென்பொருளைத் தேடப்போவதில்லை, அது உண்மை. ஆனால் வேறு யாருமே பார்க்காத கோட்டில் ஓட்டை இருந்தால் அதைச் சொல்வதற்கும் யாருமில்லை. அவர்களிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “மூன்று வருடத்தில் நாங்கள் விலகினால் தரவுத்தளமும் படங்களும் கோட்டும் எங்களுக்குத் தருவீர்களா, வேறு சேவரில் அது ஓடுமா?” எழுத்தில் ‘ஓம்’ வந்தால் யோசிக்கலாம். எனக்கு இதுவரை அப்படி ஒரு ‘ஓம்’ எழுத்தில் வந்ததில்லை.

இனி, தெரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடுகிற விசயம்: தமிழ். எங்களுக்கு இதிலேதான் பாதி வேலை.

முதலாவது பாமினி என்ற பழைய எழுத்துரு. இலங்கையில் அச்சகத்திலும் பாடசாலையிலும் தட்டச்சுப் படித்தவர் இன்னும் பாமினியில்தான் அடிப்பார். திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் கணினி ‘அம்மா’ என்பதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் வைத்திருக்கும். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு மண்டபத்துக்காரர் இப்படி அடித்த பக்கங்களைக் கொடுக்க, செய்தவரும் பாமினி எழுத்துருவைத் தளத்தோடு இணைத்து அப்படியே ஒட்டிவிட்டார். பார்க்க நல்ல தமிழ். இரண்டு வருடமாகக் கூகிளில் ஒரு ஆள்கூட வரவில்லை, ஏனென்றால் கூகிளின் கண்ணுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். எந்த சீ.எம்.எஸ். எடுத்தாலும் உள்ளே போகிற எழுத்து, எல்லாக் கணினிக்கும் தமிழாகவே விளங்குகிற யூனிகோட்டாக இருக்க வேண்டும். வாப்பாவிடம் பழைய பாமினி விலைப்பட்டியல் இருந்தால் மாற்றித் தருகிற நிரலில் போட்டு மாற்றி, பிறகு கண்ணால் ஒருதரம் வாசியுங்கள். கொம்பு, கால் எல்லாம் இடம்மாறி நிற்கும் இடங்கள் இருக்கும்.

இரண்டாவது பக்க முகவரி. வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்புப் போட்டால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். அழகுதான். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கிற இடமோ 200 எழுத்து. ஆக 22 குறிதான் கொள்ளும். ‘கை’ என்பதே க ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று என்று இரண்டு குறி. மூன்றாவது சொல்லோடு முகவரி வெட்டுப்பட்டு நிற்கும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறி வரிசை ஓடும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் கையால் மாற்றச் சொல்லித் தங்கச்சிக்குப் பழக்குங்கள். பக்கத்தை வெளியிட முந்தி மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் ஏற்கனவே நீங்கள் அனுப்பிய இணைப்புகளில் சில்லறைச் சிக்கல் வரும்.

மூன்றாவது தீம். விற்பனைக்கு இருக்கிற தீம்களின் மாதிரிப் படங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் மினுங்கும். அதே இடைவெளி தமிழுக்கு வந்தால் பல்லு விழுந்த வாய்போல இருக்கும். ‘கூடையில் சேர்க்கவும்’ என்பது பொத்தானைவிட்டு வெளியே தள்ளும். வரி இடைவெளி போதாமல் மேல்வரியின் உகரம் கீழ்வரியின் விசிறியில் (‘கி’யின் மேல்வளைவு) முட்டும். ஆகவே காசு கொடுக்க முந்தி, உங்கள் கடையின் உண்மையான ஐந்து சாமானின் பெயரைத் தமிழில் போட்டு, சின்னப் போன் ஒன்றில் காட்டச் சொல்லுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துரு போதும், அலங்கார எழுத்துரு தேடி அலைய வேண்டாம்.

நான்காவது மொழிகள். உங்கள் வாடிக்கையாளரில் சிங்களவர் எத்தனை பேர் என்று எழுதவில்லை, ஆனால் கைத்தறி தேடுகிறவர்களில் அவர்கள் நிறையப்பேர் என்பது உங்களுக்கே தெரியும். ஜூம்லாவிலும் ட்ரூபலிலும் பன்மொழி வசதி உள்ளேயே உண்டு. வேர்ட்பிரஸில் இல்லை, பிளகின் போட வேண்டும். பொலிலாங் என்பதன் அடிப்படைப் பதிப்பு இலவசம், ஆனால் வூகொமர்ஸ் பொருட்களையும் மொழிபெயர்க்க அதன் கட்டணப் பதிப்பு வேண்டும். டபிள்யூ.பீ.எம்.எல். முழுக்கவே கட்டணம். என் அபிப்பிராயம், மூன்று மொழியில் தொடங்கி மூன்றையும் அரைகுறையாக விடுவதைவிட, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் இரண்டிரண்டு வரி எழுதிவிடுங்கள். சிங்களத்தில் ‘எங்களைப் பற்றி’, ‘எப்படி ஓடர் செய்வது’ என்ற இரண்டு பக்கம் மட்டும், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்துப் போடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டு அவர்கள் சிரித்தால் நமக்குத் தெரியவும் வராது.

கட்டண விசயத்தில் அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று நான்கு மாதம் படம், விலை, அளவு, ஒவ்வொரு சாமானுக்கும் கீழே ஒரு வட்ஸ்அப் பொத்தான், அவ்வளவும் போதும். பிறகு வூகொமர்ஸின் வங்கிக் கட்டணத்தையும் கைக்காசையும் திறந்துவிடுங்கள். கார்ட் கட்டண வாயில் கடைசியில். அதற்கு வியாபாரப் பெயர்ப் பதிவும் அதே பெயரில் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பிரதேச செயலகத்துப் பதிவு இன்னும் வாப்பாவின் பழைய கடைப் பெயரிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளைவிட அதற்குத்தான் நாள் எடுக்கும். வெளிநாட்டுக் கட்டணச் சேவையான ஸ்ட்ரைப் இலங்கை வியாபாரிகளுக்குக் கணக்குத் திறப்பதில்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

கைத்தறிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மில் துணிபோல ஒரு நிறத்தில் ஆயிரம் இராது. ஒரு பாவில் வந்தது ஏழெட்டு, அதோடு சரி. பகலில் கடையில் இரண்டு போய், தளத்தில் அந்த இரண்டும் இருப்பதாகவே காட்டினால், இரவில் யாரோ காசு கட்டியிருப்பார். வூகொமர்ஸில் இருப்புக் கணக்கு இருக்கிறது, ஆனால் கடையில் விற்றது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் தினமும் குறைக்க வேண்டும். முடியாது என்று நினைத்தால் எண்ணிக்கையே காட்டாமல், ‘நிறம் உண்டா என்று கேட்டு உறுதிப்படுத்தவும்’ என்று ஒரு வரி போட்டுவிடலாம். ஒவ்வொரு நிறத்தையும் தனிச் சாமானாக ஏற்றாதீர்கள், அறுபது நானூறாகிவிடும். ஒரு வடிவம் ஒரு சாமான், நிறம் அதற்குள் ஒரு தெரிவு.

பாதுகாப்பைப் பற்றி நீட்டாமல் இரண்டு சொல்கிறேன். வேர்ட்பிரஸ் உடைபடுவதில் பெரும்பகுதி அதன் பிழையால் அல்ல, அப்டேட் செய்யாத பிளகினாலும் திருட்டுத் தீமாலும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களை உடைத்து இலவசமாகப் பரப்புகிறார்கள்; அதற்குள் கதவொன்றைத் திறந்து வைத்துத்தான் பரப்புகிறார்கள். கல்முனையில் ஒரு கடைக்காரர் ஒருநாள் தன் கடைப் பெயரைக் கூகிளில் தேடினால், கீழே முழுக்க ஜப்பான் எழுத்தில் கைப்பை விளம்பரம். தளத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. கூகிளுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கள்ளப் பக்கங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. துப்புரவாக்க எனக்கு ஒரு கிழமை. தீம் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பேக்கப், வாரம் ஒருமுறையாவது, அதே சேவரில் அல்ல, உங்கள் கூகிள் டிரைவில் போய் விழட்டும். அப்ட்ராஃப்ட்பிளஸ் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே அதைச் செய்யும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு கிழமை எந்த அப்டேட்டையும் தொடாதீர்கள். முதலே முடித்துவிடுங்கள், உடைந்தால் திருத்த ஆள் கிடைக்காத காலம் அது. ஓடரோடு வருகிற பெயர், விலாசம், போன் இலக்கத்தை ஆளுக்காள் பகிராதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது.

டொமைனை டெவலப்பரிடம் விடாதீர்கள். டொட் எல்கே எடுத்தாலும் டொட் கொம் எடுத்தாலும், வாப்பாவின் பெயரில், வீட்டில் நிரந்தரமாக இருக்கிற ஒரு மின்னஞ்சலில், வெட்டப்படாத ஒரு போன் இலக்கத்தில். 2010 இல் அனுமதி கிடைத்த ‘டொட் இலங்கை’ என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் உண்டு. ஆசையாக இருந்தால் இரண்டாவதாக எடுத்து முதலாவதுக்குத் திருப்பிவிடுங்கள், அதை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யாதீர்கள். சாமான் அனுப்புகிற கொம்பனியின் படிவத்தில்கூட அதை அடிக்க முடியாமல் நிற்பீர்கள். ஹோஸ்டிங் கணக்கும் வேர்ட்பிரஸின் தலைமை அட்மின் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். டெவலப்பருக்குத் தனியாக ஒன்று திறந்து கொடுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடலாம். இதில் நல்ல டெவலப்பர் யாரும் கோபிக்க மாட்டார். விலை பேசும்போது கட்டுகிற செலவோடு இரண்டாம் வருடத்துப் பில் எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். டொமைன், ஹோஸ்டிங், பிளகின் புதுப்பிப்பு, பராமரிப்பு நான்கும் தனித்தனியாக.

இதே கேள்வியை அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலத்துக்கு மட்டும் நாலு கபானா (கடற்கரைக் குடில்) வாடகைக்கு விடுகிறவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அவருக்குக் கடை மென்பொருள் தேவையில்லை. முன்பதிவுத் தளங்கள் ஆட்களைக் கொண்டுவரும், ஒரு பக்க வேர்ட்பிரஸும் போன் இலக்கமும் போதும். வருடத்துக்கு ஒருமுறைகூட மாறாத தகவலென்றால் சீ.எம்.எஸ்.ஸே வேண்டாம், சாதாரண நிலையான பக்கம் வேகமாகவும் இருக்கும், உடைக்கவும் ஒன்றுமில்லை. பாசிக்குடாக்காரருக்கு விலை மாறாமல் இருந்திருந்தால் பெடியன் செய்த தளம் இன்றைக்கும் ஓடியிருக்கும்.

கடைசியாக, எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கட்டுவதற்கு இரண்டு மூன்று கிழமை. சாமானைத் தயார்படுத்த ஒன்றரை மாதம், அது உங்கள் வேலை. அறுபது வடிவத்துக்கும் ஒரு பெயர், நீள அகலம், நூல் எது, சாயம் போகுமா, எப்படிக் கழுவுவது என்று ஒரு கொப்பியில் வாப்பாவைக் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரிந்தது வேறு எங்கும் எழுதி இல்லை. படத்தை காலை எட்டு ஒன்பது மணி வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரில் எடுங்கள். டியூப் லைட்டில் எடுத்த கருநீலம் கறுப்பாகத்தான் வரும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். போனில் எடுத்த படம் நாலைந்து மெகாபைட் இருக்கும், ஏற்ற முந்தி சிறிதாக்க வேண்டும். டேட்டா போட்டுப் பார்க்கிற ஆளுக்கு அறுபது படமும் இறங்கி முடிய முந்தி பொறுமை போய்விடும். அந்தக் கொப்பி முடிந்த பிறகு கல்முனை டெவலப்பரிடம் போய், மாதிரித் தளம் ஒன்றில் ஐந்து சாமானை மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். தங்கச்சியின் போனைக் கையில் கொடுத்து, ஒன்றின் விலையை மாற்றவும் ஒன்றை ‘முடிந்தது’ என்று போடவும் சொல்லிவிட்டு, டெவலப்பரை வாய் திறக்கவேண்டாம் என்று சொல்லி, பக்கத்தில் இருந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் அவ செய்து முடித்தால் முற்பணத்தைக் கொடுங்கள்.